வெள்ளைக் காரை ஓட்டியது என் மகள்

பிள்ளைக்கு,

நேற்றுப் பின்னேரம் நீ அம்மாவோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தபோது நான் விறாந்தையில்தான் இருந்தேன். முன் ரயர் இரண்டும் ஓரம் தேய்ந்துவிட்டன, அடுத்த ஓட்டத்துக்கு முன் மாற்றவேண்டும், எதைப் போடுவது என்று அப்பாவைக் கேட்டுச் சொல்லுங்கோ என்று நீ சொன்னது எனக்கும் கேட்டது. அம்மா போனை என் பக்கம் நீட்டினார். நான் தண்ணீர்ப் பம்பை நிற்பாட்டப் போவதுபோல எழும்பிப் பின்பக்கம் போய்விட்டேன். பம்ப் ஓடிக்கொண்டிருக்கவே இல்லை. கலியாணம் முடிந்து நீ வவுனியாவுக்குப் போன நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. உன் குரல் கேட்டால் எனக்கு ஏதோ ஒரு வேலை வந்துவிடுகிறது. நீ அதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டாய். கவனித்தும், ஏன் அப்பா கதைக்கிறார் இல்லை என்று கேட்காமல், ரயரைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். வாயால் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் வேறு கதைக்குத் தாவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நீ அந்தப் போட்டியைப் பற்றி முதலில் சொன்னபோது நான் பயந்துபோனேன். கார் ஓட்டப் போட்டி என்றால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடுவது என்றுதான் நினைத்திருந்தேன். வவுனியாவுக்கு வெளியே பழைய அரிசி ஆலை ஒன்றின் லொறி வளவு, தார் போட்ட பெரிய வெளி, அதில் செம்மஞ்சள் நிறக் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை, ஒரு நேரத்தில் ஒரு கார்தான், யார் குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி, கூம்பைத் தட்டினால் நேரம் கூடும் என்று நீ பொறுமையாக விளங்கப்படுத்தினாய். "அப்ப ஆருக்கும் ஆபத்தில்லையோ?" என்று கேட்டேன். "கூம்புக்குத்தான் ஆபத்து அப்பா" என்றாய். அதற்கு ஓட்டோகுறோஸ் என்று பெயர் என்றும், வீதியில் ஓடுகிற கார்களுக்கென்று தனி வகுப்பு இருக்கிறது என்றும், விசுவமடுவுக்குப் படிப்பிக்கப் போகும் அதே வெள்ளைக் காரில்தான் ஓடப்போகிறாய் என்றும் சொன்னாய். ரயர் மட்டும் மாற்றவேண்டும், அதைப் பார்த்து எடுக்க வருகிறீங்களோ என்று கேட்டாய். எத்தனையோ வருடம் பஸ் ஓடியவன் நான். என் பிள்ளை என்னிடம் எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டது அதுதான் முதல்தடவை என்று நினைக்கிறேன். உடனே வெளிக்கிட்டேன்.

அந்த ரயர்க் கடையில் நாங்கள் சண்டை பிடித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு நல்ல ரயர் என்றால் நீண்ட நாள் உழைக்கிற ரயர். பஸ்காரனுக்கு வேறு கணக்கு இல்லை. தடித்த, இறுகிய ஒன்றைக் காட்டி, "இதைப் போடு. உன்ர பிள்ளையள் காலத்துக்கும் கிடக்கும்" என்றேன். "அதுதான் அப்பா பிரச்சினை. கல்லு மாதிரி இருக்கு. வளைவில இது தாரைப் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும்" என்று சொல்லி, ரயரின் பக்கத்தில் பொறித்திருந்த தேய்மான இலக்கத்தைக் காட்டினாய். இலக்கம் கூடினால் தேயாது, ஆனால் பிடிக்காது. குறைந்தால் பிடிக்கும், ஆனால் தேயும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்பது உன் கதை. கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து வேறொரு சோடியை உருட்டிக்கொண்டு வந்தார். கிட்டத்தட்ட மொட்டை. "தங்கச்சி, இது கொழும்பில ரேஸ் ஓடின காரில கழட்டினது. அட்டை மாதிரி ஒட்டும்" என்றார். நீ விரலால் அழுத்திப் பார்த்தாய். "ஒட்டும் அண்ணை, சூடானாப் பிறகு. எங்கட ஓட்டம் ஒரு நிமிசம்தான், சூடாக முதல் முடிஞ்சுபோம். பிறகு இதோடதானே நான் மழைக்குள்ள வீட்டை போகவேணும். தண்ணி விலகிப்போக இதில கோடே இல்லை" என்றாய். கடைசியில் உனக்குப் பிடித்த அந்த நடுத்தரமான ரயரை அவர் கொண்டுவந்து வைத்தபோது, போன் வெளிச்சத்தைப் பிடித்து அதன் பக்கத்தில் இருந்த நான்கு இலக்கங்களை நான் வாசித்தேன். முதல் இரண்டும் வருடத்தின் எத்தனையாவது கிழமையில் செய்தது என்பது, பின் இரண்டும் செய்த வருடம். தாரில் படுகிற பக்கத்தில் வெட்டிய பூவெல்லாம் புத்தம் புதிதாக இருந்தது, ஆனால் ரயர் கிடந்தே கிழண்டிப்போயிருந்தது. "இது வேண்டாம், இறப்பர் இறுகியிட்டுது, புதுசு எடுப்பியுங்கோ" என்றேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். வெளியே வந்தபோது நீ சொன்னாய்: "நீங்கள் வராட்டி நான் ஏமாந்திருப்பன் அப்பா." வீட்டுக்கு வரும் வழி முழுவதும் எனக்கு அந்த வசனம் போதுமாக இருந்தது.

நீ நேற்றுக் கேட்டதற்குப் பதிலையும் இந்த இடத்திலேயே எழுதிவிடுகிறேன். அதே ரயரையே திரும்பவும் எடு, செய்த வருடத்தைப் பார்த்து எடு. இரண்டு மட்டும் மாற்றுவதென்றால் புதியதைப் பின்னுக்குப் போட்டு, பின்னால் இருப்பதை முன்னுக்குக் கொண்டுவா. போட்டிக்கென்றால் புதியது முன்னுக்கு இருப்பதுதான் நல்லது என்று நீ சொல்லுவாய், அது சரிதான். ஆனால் மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் மழை பெய்யும்போது காரின் பின்பக்கம் வழுக்கி இழுத்தால் பிடிக்க உனக்கு நேரம் இருக்காது. போட்டி ஒரு நிமிடம். மற்ற நாளெல்லாம் வீதி.

ரயர் போட்ட பிறகு வந்த அந்தப் பின்னேரங்களை நான் நெடுகவும் நினைக்கிறேன். நீ பள்ளிக்கூடத்துச் சோக்குக்கட்டியைக் கொண்டுவந்து ரயரின் விளிம்பில் குறுக்காகக் கோடு கீறுவாய். பிறகு நெல் வெட்டிய வெளிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சந்தியில் இரண்டு வளைவு வேகமாக எடுத்துவிட்டு வருவாய். நான் முழங்காலை ஊன்றிச் சோக் எவ்வளவு தூரம் அழிந்திருக்கிறது என்று பார்ப்பேன். கோடு பக்கவாட்டுவரை அழிந்திருந்தால் ரயர் மடிகிறது, காற்றுக் கூட்டவேண்டும். விளிம்பிலேயே அழியாமல் மிஞ்சியிருந்தால் காற்றுக் கூடிவிட்டது, இறக்கவேண்டும். வீதியால் போகிற சனம் பார்த்துக்கொண்டு போகும். "என்ன, காருக்கும் திருநீறு பூசுறியளோ?" என்று அம்மா குசினிக்குள் இருந்து கேட்பார். அந்த நாட்களில் எனக்கு வெட்கம் என்ற ஒன்று நினைவிலேயே இல்லை. அதனால்தான் பிறகு நடந்ததை நினைக்கும்போது, அது என்னிடம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே பிடிபடுவதில்லை.

பிடிபடவில்லை என்பதும் பொய்தான். உனக்கு முதல் பேசிய சம்பந்தம் ஏன் குழம்பியது என்று நாங்கள் உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. சாதகம் பொருந்தவில்லை என்றோம். தனியக் கார் எடுத்துக்கொண்டு பொடியங்களோடு திரிகிற பெட்டை என்று யாரோ சொல்லி, அவர்கள் விலகிப்போனார்கள். அம்மா அதற்கு இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனபடியால் இந்தச் சம்பந்தம் சரிவந்தபோது நான் முள்ளில் நடக்கிறவன் மாதிரி நடந்தேன். மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, புளியங்குளத்து மாமாதான் எல்லாம், அவர் ஒரு சொல் சொன்னால் அந்த வீட்டில் மறுசொல் இல்லை என்று தரகர் சொல்லியிருந்தார். அவருக்கு முன்னால் நான் கதிரையின் நுனியில்தான் இருந்தேன். அவர்கள் வீட்டுக்கு நாங்கள் போனது வாடகை வானில். உன் காரில் போகலாம் என்று நீ கேட்டாய், இடம் காணாது என்றேன். இடம் காணும். நீ ஓட்ட நான் பக்கத்தில் இருந்து போய் இறங்குவதை அவர் பார்ப்பாரே என்பதுதான் என் கவலை.

போட்டி நாள் அன்று முதல் ஓட்டத்தை நீ ஓடி முடித்திருந்தாய். ஒரு கூம்பைத் தட்டியிருந்தாய். இரண்டாவது ஓட்டத்துக்கு வரிசையில் நின்றபோது, முன் இடது ரயரின் காற்றைப் பார்க்கும்படி சொன்னாய். நீ தலைக்கவசத்தோடு உள்ளே இருந்தாய், கண்ணாடி இறக்கியிருந்தது. நான் குந்தியிருந்து காற்றுமானியை வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"என்ன சம்பந்தி, நீங்களும் இங்கையோ?"

புளியங்குளத்து மாமா. வெள்ளைச் சேட்டும் சாரமுமாக, கையில் ஒரு சோடாப் போத்தலோடு நின்றார். நான் எழும்பினேன். "ஓம், சும்மா. இந்தப் பக்கம் ஒரு அலுவலா வந்தனான்" என்றேன். அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்கை இருக்கிறது ஆர், உங்கட பிள்ளையோ?"

"சீச்சீ. அது ஆரோ தெரிஞ்ச ஆக்களின்ர பிள்ளை. காத்து ஒருக்காப் பாத்துவிடச் சொல்லிக் கேட்டுது. எங்கட பிள்ளை வீட்டில நிக்கிறா. அவவுக்கு உதுகள் சரிவராது."

இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அந்தச் 'சீச்சீ'யை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அது எனக்குள் இருந்து தானாக வந்தது. உனக்கும் எனக்கும் இடையில் ஒரு கார்க் கதவுதான் இருந்தது. நீ திரும்பவில்லை. ஸ்ரியறிங்கில் இருந்த உன் கை அசையவில்லை. முன்னுக்குப் பார்த்தபடியே நீ கேட்டாய்: "ஐயா, காத்துச் சரியோ? நான் போகலாமோ?"

பிறந்த நாளிலிருந்து நீ என்னை அப்பா என்று தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. என் பொய் பிடிபடாமல் இருக்க நீ எனக்குக் கை கொடுத்தாய். நான் அதையும் வாங்கிக்கொண்டேன். "ஓம் தங்கச்சி, சரி. போங்கோ" என்றேன். என் பிள்ளையை நான் தங்கச்சி என்றேன், போங்கோ என்றேன். வேறு என்ன எழுதினாலும் இந்த இடத்தைத் தாண்ட முடியாமல் இருக்கிறது.

நீ ஓடினாய். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரோ ஒருவரின் காரைப் பார்ப்பதுபோல நின்றேன். கடைசி வளைவில் பின்பக்கம் இழுத்தது, நீ பிடித்தாய், ஒரு கூம்பும் விழவில்லை. மாமா கைதட்டினார். "கெட்டிக்காரி என்ன?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "பழக்கம் போல கிடக்கு" என்றேன். ஓட்டமெல்லாம் முடிந்து, ஒலிபெருக்கியில் பெயர்கள் வாசிக்கப்போவதாகச் சொன்னார்கள். உன் பெயரோடு என் பெயரும் வருமே. வாங்கோ, வெளியில் நல்ல பிளேன்ரீ போடுகிறார்கள் என்று அவரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி என்னோடு வந்தார். உன்னைக் கூப்பிட்டதையும், உனக்குக் கிண்ணம் தந்ததையும் அந்த வளவுக்குள் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. தேத்தண்ணிக் கொட்டிலில் நின்றபோது கைதட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வரும்போது கனகராயன்குளம் தாண்ட மழை பிடித்தது. நீ மெதுவாக ஓட்டினாய். கிண்ணம் பின்சீற்றில் கிடந்தது. நான் அதைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, பார்க்க எனக்கு என்ன உரிமை என்று இருந்தது. மாங்குளம் தாண்டித்தான் நீ வாய் திறந்தாய். "பின் ரயரில கொஞ்சம் காத்துக் கூடிப்போச்சு அப்பா. அதுதான் கடைசி வளைவில இழுத்தது" என்றாய். ஓம் என்றேன். அவ்வளவுதான். வீட்டில் அம்மா எப்படிப் போனது என்று கேட்டபோது, "நல்லாப் போச்சு. அப்பாதான் காத்துப் பாத்துத் தந்தவர்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாய். நீ என்னை ஏசியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லி, கோபப்பட்டு, அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பேன். நீ அதற்கு இடம் தரவில்லை.

அதோடு நான் திருந்தினேன் என்று நினைத்துவிடாதே. உன் கலியாண வீட்டுப் பந்தியில் வவுனியாவில் இருந்து வந்த ஒருவர், பொம்பிளை என்ன செய்கிறா என்று மாமாவைக் கேட்டார். "கணக்குப் படிப்பிக்கிறா" என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பி, "வேற என்ன செய்யிறா எண்டு தகப்பனைத்தான் கேக்கவேணும்" என்றார். எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றதுபோல இருந்தது அவர் பார்வை. நான் சொல்ல இடம் தருகிறார் என்று எனக்கு விளங்கியது. விளங்கியும், "சமையலும் நல்லாச் செய்வா" என்றேன். உனக்கு முட்டை பொரிக்கத்தான் தெரியும் என்பது அந்தப் பந்தியில் பாதிப் பேருக்குத் தெரியும். மாமா இலையைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினார்.

போன கிழமை நான் புளியங்குளத்துக்குப் போனேன். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை, பஸ் ஏறிப் போனேன். மாமா வளவில் உழவு இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குழாயை மூடிவிட்டு, உள்ளே வாங்கோ, இருங்கோ என்றார். நான் இருக்கவில்லை. வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு போன வசனங்கள் ஒன்றும் வரவில்லை. வந்தது வேறு.

"எம் மகதாங்க அது. அன்னைக்கு அந்த வெள்ளக் காரு ஓட்டுனது. எம் மகதாங்க."

நான் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, சின்ன வயதில் தாய் தகப்பனோடு இந்தப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறியவன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தோட்டத்துப் பேச்சை என் வாயால் நீ கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் நக்கலடித்தபோது பாதியை விட்டேன், பஸ் ஓட வெளிக்கிட்டபோது மிச்சத்தையும் விட்டேன். எந்த ஊர் என்று அவர்கள் கேட்டபோதுகூடக் கிளிநொச்சி என்று மட்டும்தான் சொன்னேன். ஒளிப்பது எனக்கு அப்படிப் பழகிய வேலை. நீ தலைக்கவசம் போட்டிருந்த அன்று உன்னையும் அதோடு சேர்த்து ஒளித்துவிட்டேன். அந்த முற்றத்தில் என் தாயின் பேச்சுத்தான் வந்தது. அதைத் திருத்திச் சொல்ல மனம் வரவில்லை.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார். "தெரியும்" என்றார். "மருமோன்தான் போன் எடுத்தவன். மாமா, அவா ஓடுறா, எனக்கு லீவு இல்லை, நீங்கள் ஒருக்காப் போய்ப் பாருங்கோ எண்டு. அதுக்குத்தானே வந்தனான். உங்களைக் காத்துமானியோட கண்டதும் எனக்குச் சந்தோசமாப் போச்சு. தகப்பனும் கூட நிக்கிறார் எண்டு. பிறகு நீங்கள் அப்பிடிச் சொல்ல, எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. பிள்ளையின்ர முகத்தைப் பாக்கேலாமப் போச்சு."

நீ மாப்பிள்ளைக்கு எல்லாம் முதலே சொல்லியிருக்கிறாய் என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். கார், போட்டி, குழம்பிப்போன சம்பந்தம், நான் எங்கே பிறந்தேன் என்பதுகூட. அவர்களில் ஒருவருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நான் யாருக்குப் பயந்து உன்னை மறுதலித்தேனோ, அந்த மனிதர் உன்னைப் பார்க்கவென்றே பஸ் ஏறி வந்திருக்கிறார். அவருக்கு முன்னால்தான் நான் அந்தச் 'சீச்சீ'யைச் சொன்னேன். "வீட்டில ஒருத்தருக்கும் நான் இதைச் சொல்லேல்லை" என்றார். அதைக் கேட்க இன்னும் கூச்சமாக இருந்தது. நீயும் மூடி வைத்தாய், அவரும் மூடி வைத்தார். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான், அதையும் நான் சொல்லத் தகுதி இல்லாதவன். பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, உன் ஆட்களை உன் ஆட்கள் என்று சொல்வதா விடுவதா என்று முடிவெடுக்காதே. அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று நீ பயந்து ஊகிப்பது பெரும்பாலும் பிழையாகவே இருக்கும். நான் ஊகித்தது பிழை.

பிறகு மாமி தேத்தண்ணி கொண்டுவந்தார். "என்ன விசேசம், திடீரெண்டு?" என்று அவர் கேட்க, மாமா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். எங்கட பிள்ளை வவுனியாவில் கார் ஓட்டப் போட்டியில் ஓடினவா, கிண்ணம் எடுத்தவா என்றேன். மாமி வாயில் கையை வைத்தபடி கதிரையில் இருந்துவிட்டார். எப்படி ஓடினவா, சொல்லுங்கோ என்றார். நான் தேத்தண்ணிக் கிளாசுகளையும் சீனிப் போத்தலையும் மேசையில் கூம்பு மாதிரி வைத்தேன். எங்கே வெளிக்கிட்டாய், எங்கே பிரேக் பிடித்தாய், எந்த வளைவை அகலமாக எடுத்தாய் என்று விரலை ஓட்டிக் காட்டினேன். அன்று நான் யாரோ மாதிரி நின்றேனே தவிர, ஒரு வளைவைக்கூடத் தவறவிட்டிருக்கவில்லை. கடைசி வளைவில் பின்பக்கம் இழுத்ததைக் காட்ட எழும்பி நின்று உடம்பை வளைத்தேன். மாமா, "அந்த இடத்தில நான் முடிஞ்சுது எண்டெல்லோ நினைச்சனான்" என்றார். "நானும்தான்" என்றேன். "ஆனா அவா அக்சிலேற்றரில இருந்து காலை எடுக்கேல்லை பாத்தீங்களோ. பயந்து காலை எடுத்திருந்தாச் சுத்தியிருக்கும். அப்பிடியே பிடிச்சு நிமித்தினா." இன்னொருக்காச் சொல்லுங்கோ என்று மாமி கேட்க, முதலில் இருந்து இன்னொருதரம் ஓடினேன். அவர்கள் தேத்தண்ணி ஆறுகிறது என்றார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் யோசித்தேன். அந்த ஓட்டத்தைப் பற்றிப் புளியங்குளத்தில் இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். பிறகு நேற்று அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். உனக்கு மட்டும் இன்றுவரை ஒரு சொல் சொல்லவில்லை.

நீ நல்லாய் ஓடினாய், பிள்ளை.

அப்பா